டாக்காவில் நல்ல மழை

செத்துப்போன பிறகுதான் நாச்சிமுத்து தன் அக்காவுக்கு ஒழுங்காகப் போன் செய்ய ஆரம்பித்தான். உயிரோடு இருந்தவரை பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. அதுவும் அக்காதான் கூப்பிட்டிருப்பாள். இப்போது ஞாயிறு தவறாமல், சாயங்காலக் காப்பி நேரத்துக்கு, வீட்டுப் போன் அடித்தது.

"அக்கோவ்! காப்பி ஆச்சா?"

"இப்பத்தான் சாமி ஆத்தீட்டு இருக்கறேன். டாக்காவுல இன்னும் மழையா?"

"மழைன்னா மழை. ஊருக்கே பனியன் தெச்சுக் குடுக்கறவன் நானு, எனக்கு ஒரு காஞ்ச பனியன் இல்ல போ."

சம்பூர்ணம் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு போன் வழியாக ஒரு தடவையும் மாடிப்படி வழியாக ஒரு தடவையும் பேசுகிறவர் காதுக்கு வந்து சேரும். ஏனென்றால் அவர் டாக்காவில் இல்லை. மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், முழங்கால் முகவாயில் இடிக்கக் குந்தியிருந்தார். பெயர் அர்த்தநாரி. சம்பூர்ணத்தின் புருஷன்.

கோயம்புத்தூரில் பம்புசெட் விற்று ஓய்வு பெற்றவர். பம்புசெட்டைவிட அவருக்கு நன்றாக விற்றது வாய். கம்பெனி ஆண்டுவிழாவில் முதலாளி குரலில் பேசி, முதலாளியின் மனைவியையே எழுந்து போய்க் காப்பி கொண்டுவர வைத்தவர். கடவுள் தனக்கு ஒரே ஒரு திறமைதான் கொடுத்தார், அதையும் அடுத்தவன் தொண்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்று தானே சொல்லிக்கொள்வார். அந்தத் திறமைக்கு இப்படியொரு வேலை வரும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

சம்பூர்ணத்துக்கு மூளைக்காய்ச்சல் வந்து நினைவில்லாமல் கிடந்த வாரத்தில், திருப்பூரில் நாச்சிமுத்து தன் பனியன் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழவில்லை. கல்யாணம் ஆகாதவன். கொள்ளி வைக்க ஆள் வேண்டுமே என்று பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டபோது அர்த்தநாரி குடத்தைத் தோளில் வாங்கிக்கொண்டார். மச்சினன் என்பது உறவுமுறை. அவனோடு நாற்பது வருஷம் சினிமாவுக்குப் போனது, சண்டை போட்டது, ஒரே டம்ளரில் பதநீர் குடித்தது எல்லாம் வேறு கணக்கு. மொட்டையடித்துக்கொண்டார். தீ பாய்ந்து வேட்டி ஓரம் கருகியது. அந்த வேட்டியோடுதான் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

சம்பூர்ணம் கண் திறந்ததும் அவர் தலையைத்தான் பார்த்தாள்.

"ஏனுங்க, இதென்னங்க மொட்டை?"

சீக்காளியிடம் சாவுச் செய்தி சொல்லக் கூடாது. இதை யாரும் யாருக்கும் கற்றுத்தருவதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைக் கழற்றும்போது தானாக வந்துவிடும்.

"உனக்காகப் பழனிக்கு நேந்துக்கிட்டேன். இந்த மூஞ்சிக்கு மொட்டையடிச்சா முருகனே பயந்து கேட்டதைக் குடுத்துருவாருன்னு ஒரு நம்பிக்கை."

"தம்பி வரலீங்களா?"

"அவனா? டாக்காவுல ஒரு பெரிய ஆர்டருன்னு ஓடிட்டான். போன்ல பேசச் சொல்றேன் இரு."

அவ்வளவுதான். அந்த நிமிஷம் வாய்க்கு வந்த ஊர் டாக்கா. மாசமாக இருந்த மகள் இளமதி ஈரோட்டிலிருந்து அழுதுகொண்டே கேட்டபோது அவளுக்கும் அதே டாக்காதான். வயிற்றுப் பிள்ளைக்காரியிடமும் சாவு சொல்லக் கூடாது அல்லவா.

காய்ச்சல் போனது, போகும்போது சம்பூர்ணத்தின் நினைவுகளைக் கரையான் அரித்த மாதிரி விட்டுவிட்டுப் போனது. மிச்சமிருந்ததை அள்ளி, காதுக்குப் பின்னால் மூக்குத்தி அளவில் ஒரு கம்ப்யூட்டர் சில்லில் பதித்தார்கள். அதற்குத் துணையாக வீட்டில் இரண்டு பேர் அதே மாதிரி சில்லு வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அர்த்தநாரி ஒன்று, இளமதி ஒன்று. எதற்கு என்று டாக்டர் விளக்கிக்கொண்டிருந்தபோது அர்த்தநாரி அந்த டாக்டரின் குரலை நர்ஸுக்குப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தார். பிறகு காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார்.

சில்லு வேலை செய்தது. சம்பூர்ணம் எழுந்து நடந்தாள். ரசத்துக்கு எவ்வளவு புளி என்பது ஞாபகம் வந்தது. அர்த்தநாரி எந்தெந்த வருஷம் என்னென்ன சொதப்பினார் என்பதும் ஒன்றுவிடாமல் வந்தது.

அழுவதற்கு வீட்டில் இடமில்லாததால் அர்த்தநாரி குளியலறையை வைத்துக்கொண்டிருந்தார். குழாயைத் திறந்துவிட்டு, மச்சினனை நினைத்துக்கொண்டால் போதும், பாடையில் கிடந்த முகம் வரும். பின்னாலேயே அழுகை வரும். முடித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு, ஏதாவது பாட்டை முணுமுணுத்தபடி வெளியே வருவார். ஒருநாள் குழாயைத் திறந்தார். முகம் வரவில்லை. தண்ணீர்தான் வந்தது. பாடை இருந்தது, மாலை இருந்தது; முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. வயசாகுது என்று முதலில் நினைத்தார். அடுத்த வாரம் பாடையும் இல்லை.

*

சில்லு வைத்த நினைவு மையத்தில் பொறியாளர் ஒரு தூத்துக்குடிப் பெண். பெனிட்டா. அர்த்தநாரி கதையை முழுக்கச் சொல்லி முடித்தபோது அவள் மேஜையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"சார், இதை ஏன் அன்னைக்கே சொல்லல?"

"அன்னிக்கி யாரும்மா கேட்டீங்க, 'வீட்டுல செத்தவங்க யாராவது உசுரோட இருக்காங்களா'ன்னு?"

அவள் சிரிக்கவில்லை.

"சில்லுல ஞாபகம் எல்லாம் ஒண்ணு, சைபர்னு புள்ளி புள்ளியாத்தான் இருக்கும் சார். அது அப்பப்பப் புரண்டுக்கிடும். சூட்டுல புரளும். வானத்துல இருந்து கண்ணுக்குத் தெரியாத துகள் வந்து இடிச்சாலும் புரளும்."

"என்ற ஊட்டுக்காரி நெனப்புல வானம் கை வெக்குதா?"

"எல்லா கம்ப்யூட்டர்லயும் வைக்கும். அதனாலதான் காவல் போடுதோம். உங்க வீட்டுக்கு மூணு சில்லு. வாராவாரம் சனிக்கிழமை, நீங்க தூங்கும்போது, மூணும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்பார்க்கும். அலசல்னு சொல்லுவோம். ரெண்டு ஒரே மாதிரி சொல்லி, ஒண்ணு மட்டும் மாத்திச் சொன்னா..."

"அந்த ஒண்ணு பொய்."

"பிழை. சத்தமில்லாமத் திருத்திரும், சில்லு சொல்றதுதான் தலைக்கும் ஞாபகம். ஒரே நாள்ல இல்ல. ஒரு அலசலுக்குக் கொஞ்சம்."

அர்த்தநாரி விரல் விட்டு எண்ணினார். சம்பூர்ணத்தின் சில்லில் நாச்சிமுத்து டாக்காவில் இருக்கிறான். இளமதியின் சில்லிலும் டாக்காவில் இருக்கிறான். எண்ணி முடிக்க மூன்று விரலே போதுமாக இருந்தது.

"ஏம்மா, நோயாளி அவ. எனக்கு எதுக்கு வைத்தியம்?"

"உங்க ரெண்டு பேர் சில்லும் அவங்களுக்குச் சாட்சி. சாட்சியும் கெட்டுப்போகலாம்லா. அதனால சாட்சிக்கும் அதே விதிதான். கையெழுத்துப் போட்டீங்களே."

"போட்டேன். நல்ல கையெழுத்து வேற." அவர் காதுக்குப் பின்னால் தடவினார். "சரி, என்னோடதைக் கழட்டிருங்க."

"கழட்டினா ரெண்டுதான் மிச்சம். ரெண்டும் வேற வேற சொன்னா எது சரின்னு அதுக்குத் தெரியாது. தப்பு இருக்குன்னு மட்டும் தெரியும். தெரிஞ்ச உடனே நின்னுரும். அம்மாவுக்கு எல்லாமே நின்னுரும் சார். உங்களையே தெரியாது."

"எதாவது ஒண்ணைச் சொல்லிச் சமாளிக்கக் கூடாதா?"

"தப்பாச் சொல்றதைவிட நின்னுபோறது மேல்னுதான் அதைச் செஞ்சிருக்கு."

"அப்ப அது என்னைவிட யோக்கியம்" என்றார் அர்த்தநாரி. "எம்புள்ளைகிட்ட உண்மையைச் சொல்லிட்டா?"

"அப்ப ரெண்டு பேர் ஒரு பக்கம் ஆயிருவீங்க. அலசல் உங்க மனைவியைத் திருத்தும். ஒருநாள் காலைல எந்திரிக்கும்போது, யாரும் சொல்லாமலே, தம்பி செத்துப்போன மாதிரி இருக்கும். அதோட, அவங்க சின்ன வயசு ஞாபகம் எதைத் தொட்டாலும் தம்பி இருக்காரு. அத்தனையும் ஒரே நேரத்துல அசைஞ்சா தாங்காது. அப்பவும் நின்னுரும். ஒரு வருஷமாவது வேர் பிடிக்கணும் சார். அதுக்கப்புறம் பக்குவமாச் சொல்லலாம்."

"சொல்றதுக்கு எனக்கு ஞாபகம் இருக்குமா?"

பெனிட்டா ஆறின டீயைத் தள்ளி வைத்தாள்.

"நீங்க ஞாபகப்படுத்துங்க. ஒரு வருஷம் கழிச்சு ஒரு போன் போடுங்க" என்றார் அர்த்தநாரி.

"போடுவேன். ஆனா அப்ப உங்களுக்கு அது எப்படி இருக்கும்? உசுரோட இருக்கிற மச்சினனைச் செத்துட்டாருன்னு எவளோ ஒருத்தி சொல்லுதான்னு இருக்கும். வேற யாராவது சாட்சிக்கு இருக்காங்களா சார்? உங்க வீட்டுல ஆரம்பத்துல இருந்தே கூட இருந்தவங்க?"

"இருந்தான் ஒருத்தன்" என்றார் அர்த்தநாரி. "டாக்காவுல இருக்கறான்."

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறி, கைக்குட்டையைத் தேட வேண்டியதாயிற்று. வேட்டி முனையில் துடைத்துக்கொண்டு கேட்டார்: "எல்லாமே போயிருமா கண்ணு?"

"நடந்தது போயிரும். கைப்பழக்கம், நாக்குப் பழக்கம் போகாது. சைக்கிள் ஓட்டறது, நீச்சல், அதெல்லாம் சில்லு தொடாத இடத்துல இருக்கு."

"நான் கேட்டது அதில்லம்மா. அவனுக்காக அழுத ஆளு நான் ஒருத்தன்தான். நானும் மறந்துட்டா, செத்ததுக்கு அழ ஒரு நாதியில்லாதவனாப் போயிருவான்."

அவள் புது டீ சொன்னாள்.

*

அர்த்தநாரி சும்மா விட்டுக்கொடுத்துவிடவில்லை. சனிக்கிழமை தூங்காமல் இருந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரைக்காய்க் குழம்பும் சோறும் உள்ளே போனதும் நாற்காலியிலேயே கண் அசந்தது. சில்லு காத்திருந்து அலசிவிட்டது. கருகின வேட்டியைப் பீரோவில் கண்ணுக்கு நேராக வைத்தார். மூன்றாம் வாரம் அதைப் பார்த்தபோது, தீபாவளிக்குப் புஸ்வாணம் வைத்தபோது பட்டது என்று தோன்றியது. அந்தத் தீபாவளிகூட நினைவுக்கு வந்தது. மொட்டைத் தலையில் முடி முளைத்திருந்தது. பழனி மலைப்படி ஏறினபோது முழங்கால் வலித்தது நன்றாக ஞாபகம் இருந்தது. அவிழ்த்துவிட்ட பொய் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து, காலியான இடத்தில் துண்டு விரித்து உட்கார்ந்துகொண்டது. கொஞ்சம் மட்டமாகவாவது பொய் சொல்லியிருக்கலாம் என்று நினைத்தார். இவ்வளவு அழகாகச் சொல்லும்படி யார் அழுதார்கள்?

கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் கையில் நின்றது: நாச்சிமுத்து செத்துவிட்டான். அதற்குப் பின்னால் ஒரு காட்சியும் இல்லை. யாரோ சொல்லிக் கேட்டதுபோல் இருந்தது. யாராவது ஒருவர் 'ஆமாம்' என்று சொன்னால் போதும், பிடித்துக்கொள்ளலாம் என்று திருப்பூருக்கு பஸ் ஏறினார்.

நாச்சிமுத்துவின் பட்டறையை இப்போது அவனுடைய கட்டிங் மாஸ்டர் மயில்சாமி நடத்திவந்தான். துணி அடுக்குகளுக்கு நடுவே இவரைக் கண்டதும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தான்.

"வாங்கண்ணா, வாங்க! அக்கா எப்படி இருக்கறாங்க?"

"மயிலு, உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும். உண்மையைச் சொல்லு. நாச்சிமுத்து எங்கே?"

மயில்சாமி கண் இமைக்கவில்லை. "டாக்காவுலங்கண்ணா."

"டேய், நெசமாக் கேக்கறேன்டா."

"நெசமாத்தானுங்க சொல்றேன். நேத்துக்கூடப் பேசுனாருங்களே. அங்க மீன் சாப்புட்டு ஆளு ரெண்டு சுத்து பெருத்துட்டாராமா."

மீன் அர்த்தநாரி சேர்த்தது. இரண்டு சுற்றுப் பெருத்தது மயில்சாமியின் சொந்தக் கைவேலை. சாவுக்கு வந்திருந்த ஒவ்வொருவரையும் பிறகு தேடிப்போய், கையைப் பிடித்து அவர்தான் சொல்லியிருந்தார்: 'எங்கூட்டுல யாரு கேட்டாலும் டாக்கா. நானே வந்து கேட்டாலும் டாக்கா. நான் பரீட்சை வெச்சுட்டேதான் இருப்பேன்.' வைக்கவும் வைத்தார். பெரியநாயக்கன்பாளையத்துச் சித்தப்பாவுக்குப் போன் போட்டு, அழுகிற குரலில் கேட்டு, அவர் உளறிவிட, ஊர் முழுக்கச் சொல்லி மானத்தை வாங்கியிருந்தார். அதற்குப் பிறகு ஒருவரும் தோற்கவில்லை.

"மயிலு..." அர்த்தநாரி அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பரீட்சை இல்லடா. எனக்கு மறந்துட்டு இருக்குது. அவன் செத்துட்டான்தானே? நாந்தானே கொள்ளி வெச்சேன்? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுடா சாமி."

கண்ணீர் மூக்கோரமாக மீசைக்கு இறங்கியது. பட்டறையில் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

மயில்சாமி அவரையே பார்த்தான். அவன் கண்ணும் கலங்கியது. பிறகு மெல்ல, மரியாதையாகக் கை தட்டினான்.

"அண்ணா, உங்களைக் கோயில் கட்டித்தானுங்க கும்புடோணும். எனக்கே ஒரு நிமிஷம் ஆடிப்போச்சு. ஆனா மயில்சாமி தோக்க மாட்டானுங்க. அக்காவுக்குக் குடுத்த வாக்கு. முதலாளி டாக்காவுலதான் இருக்கறாரு. டேய், அண்ணனுக்கு ஒரு எளநி வெட்டுங்கடா!"

இளநீரைக் குடித்தார். வேறு என்ன செய்வது? தித்திப்பாக இருந்தது. திரும்பும் பஸ்ஸில், மயில்சாமி அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறானே, ஒருவேளை அவன்தான் சரியோ என்று ஒரு எண்ணம் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தது. அவினாசி தாண்டும்போது அதற்கு இடம் விட்டு ஜன்னலோரமாக ஒதுங்கிக்கொண்டார். அன்றைக்குச் சனிக்கிழமை.

*

ஞாயிறு சாயங்காலம் சம்பூர்ணம் காப்பியை ஆற்றிக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எதிரில் அர்த்தநாரி. அவரும்தான் காத்திருந்தார். வாராவாரம் இந்த நேரத்துக்கு மச்சினன் கூப்பிடுவானே.

காப்பி ஆறியது. போன் அடிக்கவில்லை.

"ஏனுங்க, தம்பி ஏன் இன்னும் கூப்புடல?"

"வருவான், வருவான். வாரம் தவறாம ஆர்டர் வந்தா அக்கா ஞாபகம் எங்கே வரும்? வந்ததும் நாலு வாங்கு வாங்கறேன் பாரு."

"உடம்புகிடம்பு சரியில்லையோ என்னமோ. எனக்கு வெசனமாவே இருக்குதுங்க."

அவள் முகம் வாடுவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. நாச்சிமுத்துவின் மேல் நிஜமாகவே கோபம் வந்தது. ஒரு போன் பேச என்ன கேடு இந்தப் பயலுக்கு? தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். எதற்குத் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கே தெரியவில்லை. கால் போனது, அவர் பின்னால் போனார்.

தொட்டிக்கு அடியில், செங்கல்லுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே ஒரு பழைய போன். யாருடையது? பிளம்பர் மறந்து வைத்துவிட்டானா? திறந்து பார்த்தார். அதில் ஒரே ஒரு எண்தான் இருந்தது. பேசிப் பார்த்தால் யாரென்று தெரிந்துவிடும் என்று அழுத்தினார்.

கீழே வீட்டுப் போன் அடித்தது.

நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது. பிறகு சம்பூர்ணத்தின் குரல், போன் வழியாக ஒரு தடவையும் மாடிப்படி வழியாக ஒரு தடவையுமாக வந்தது:

"தம்பி! நல்லா இருக்கறயா சாமி? பயந்தே போனேன்டா!"

'நாந்தான் புள்ள' என்று சொல்ல அர்த்தநாரி வாயைத் திறந்தார்.

"அக்கோவ்!" என்றது வாய். "காப்பி ஆச்சா?"

அவர் திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொள்ளப் பார்த்தார். பொத்தினால் கீழே அந்தச் சந்தோஷம் நின்றுவிடும். கையை இறக்கிவிட்டார். வாய் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. டாக்காவில் நல்ல மழை. கரண்ட் இல்லை, அதனால்தான் போன் தாமதம். பனியன் இன்னும் காயவில்லை. சம்பூர்ணம் இரண்டு வழியாகவும் சிரித்தாள். தொண்டையில் நாச்சிமுத்து இருந்தான். வேறு எங்கே தேடினாலும் அவரிடம் அவன் இல்லை.

"சரிக்கா, வெச்சரட்டா? நீயே வையி."

அவள் வைத்தாள். அர்த்தநாரி முழங்காலில் முகவாயை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பேசியது நான். அப்படியானால் வாராவாரம் பேசியது யார்? அதுவும் நானென்றால், நாச்சிமுத்து எங்கே? அந்தக் கேள்விக்கு அடுத்த படியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும்போல் இருந்தது. கை அதற்குள் போனைப் பையில் போட்டு, பழகின ஒரு முடிச்சாக முடிந்து, செங்கல்லுக்குப் பின்னால் தள்ளிவிட்டது. அடுத்த சனிக்கிழமை வரை இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கீழே இறங்கி வந்தார். சம்பூர்ணம் முகமெல்லாம் பூவாக நின்றிருந்தாள்.

"தம்பி பேசுனானுங்க!"

"அப்படியா?" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருக்கறானாமா?"

கேலிக்காகக் கேட்கவில்லை. நல்லா இருக்கிறான் என்று யாராவது தனக்கும் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

சம்பூர்ணம் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். வெளிறிய முகம். புருவத்தில் தண்ணீர்த் தொட்டியடி ஒட்டடை. அவரை உட்காரவைத்து, முந்தானையால் அந்த ஒட்டடையைத் துடைத்தாள்.

"நல்லா இருக்கறானுங்க. உங்களைத்தான் நொம்பக் கேட்டான். 'மச்சானைப் பத்திரமாப் பாத்துக்கோக்கா'ன்னு ரெண்டு தடவை சொன்னானுங்க."

நாச்சிமுத்து அப்படி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதை அர்த்தநாரியைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இருக்க முடியாது. அவர் தலையாட்டினார். ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு அவள் சுடவைக்க உள்ளே போனாள்.